நீல மையில் ஒரு கட்டம்

மார்ச் 4

அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் காரியம்.

எட்டு மாதம் உங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யாதவள் திடீரென்று டைல்ஸ் கடை முகவரிக்குக் கடிதம் போடுகிறாளே என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. வீட்டுப் போன் ஹாலில் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே அப்பாவின் நாற்காலி. உங்கள் கைப்பேசியில் கூப்பிட்டாலும் நீங்கள் கத்தித்தான் பேசுவீர்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள். கல் அறுக்கும் மெஷின் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்றால் யாருக்கும் குரல் அப்படித்தான் ஆகும்.) அதனால் கடிதம்.

சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, மூன்று மேஜை, மூன்று பேர். கையில் பிடித்து விளையாடுகிற சின்ன மெஷினுக்கு ஒரு விளையாட்டுச் செய்கிறோம். அந்தக் காலத்து விளையாட்டுகள் மாதிரி எல்லாமே கட்டம் கட்டமாகத் தெரியும். திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் தமிழ் எழுத்து வர வேண்டும். கிடைத்த எழுத்தையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய எழுத்தைச் சுருக்கினால் எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் அந்த அளவுக்கென்றே கட்டங்களை நிரப்பி வரைய வேண்டும். உயரம் பத்துக் கட்டம், அகலம் உங்கள் இஷ்டம். ஏப்ரல் முப்பதுக்குள் படிக்கிற மாதிரி வந்தால் விளையாட்டு தமிழிலும் வரும். இல்லாவிட்டால் மற்ற மொழிகளில் மட்டும்தான் என்று வெளியிடுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் வாசற்படியில் பொடிக் கல்லால் 'வாங்க' என்று பதித்தீர்களே, அதைவிட அழகான கட்ட எழுத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். வரைந்ததைத் தபாலிலேயே அனுப்புங்கள். போனில் படமெடுத்தால் தாள் கோணிக்கொள்கிறது, கட்டத்தை எண்ண முடியாது. விளையாட்டில் வரும் வாக்கியங்களின் பட்டியல் உள்ளே இருக்கிறது.

ஒரே நிபந்தனை. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. "முப்பது வயசுல பொட்டுப் பொட்டா வெச்சு விளையாடறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவர் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. பக்கத்தில் நின்ற நீங்கள் ஒரு வார்த்தை பேசாததும் மறக்கவில்லை. எழுத வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நலமா?

வாலு


மார்ச் 10

அடி வாலு,

முதலில் என் வழக்கைக் கேள். அன்றைக்கு நான் பேசாமல் நின்றதற்குக் காரணம், வாயில் மூன்று கொண்டை ஊசி. அதை எடுத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் நீ பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பிவிட்டாய். உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும். சரி, ஊசி இல்லாவிட்டால் பேசியிருப்பேனா? எனக்கே சந்தேகம்தான். மாமா குரலை உயர்த்தினால் நான் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

என் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று வாசலைத்தான் முதலில் பார்த்தார். நீ வரவில்லை.

போதும், இனி கல் கதை. பன்னிரண்டு எழுத்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடையில் மேனேஜர் எட்டிப் பார்த்து, "யார் வீட்டுக் குளியலறை?" என்றார். "பெரிய இடம் சார்" என்றேன். 'அ'வின் வளைவைப் பார். கல்லைக் குறுக்கே வெட்டிப் பாதிக் கல்லாக வைத்து எப்படி வழுவழுவென்று கொண்டுவந்திருக்கிறேன்! எழுத்துக்கு எழுத்து, கல் இடுக்கில் பூசுகிற சிமெண்ட் பூச்சுக்கு இடமும் விட்டிருக்கிறேன். நம் வேலையில் குறை சொல்ல முடியாது.

மாமாவைப் பற்றிக் கவலைப்படாதே. கவரில் உன் பெயரே இல்லை, சைக்கிள் கடை மாடி என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நன்றாக ஒட்டி, காலையில் நடக்கப் போகும்போது போட்டுவிடச் சொல்லி அவரிடமே கொடுத்துவிடப் போகிறேன். தபால் பெட்டி அவர் போகிற வழியில்தானே இருக்கிறது. எப்படி என் சாமர்த்தியம்?

அண்ணி


மார்ச் 16

சாமர்த்தியசாலி அண்ணிக்கு,

திரையில் பாதிக் கட்டம் கிடையாது! ஒரு கட்டம் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். குறுக்கே வெட்டுவதற்கு அது கல் இல்லை. உங்கள் 'அ'வை எண்ணினேன். அதில் பதினான்கு பாதிக் கல். பதினான்கையும் எடுத்துவிட்டால் பல் போன வாய் மாதிரி நிற்கிறது. பூச்சுக்கு இடம் விட்டதில் ஒரு வரிக்கு நான்கு எழுத்துத்தான் பிடிக்கிறது. இங்கே யாரும் பூச்சுப் பூசப் போவதில்லை, அண்ணி. எங்கள் பாட்டுக்காரர் (விளையாட்டுக்கு இசை போடுகிறவர்) உங்கள் தாளைச் சுவரில் மாட்டி, "கோயில் கோபுரத்தை அகல் விளக்குக்குள்ள வைக்கச் சொன்னா எப்படி?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டையும் மறுபடி வரைய வேண்டும்.

ஆபரேஷன் அன்று நான் போன் செய்தேன். அண்ணன் எடுத்து, "நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லி வைத்துவிட்டான். 'வா' என்று யாராவது சொல்வார்கள் என்று சாயங்காலம் வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலைப் பார்த்தது எனக்கு எப்படித் தெரியும்?

முழுக் கட்டம். முழுக் கட்டம் மட்டும்.

வாலு


மார்ச் 24

வாலுக்கு,

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். ஊரே என் தரையில் நடக்கிறது, நீ என்னிடம் கல்லைப் பற்றிப் பேசுகிறாய்! மூன்றாம் நாள் கடையில் ஒருவர் வந்து, "வெட்டின கல்லே வேண்டாம், முழுசாவே போடுங்க" என்றார். பாதி வேலைதான் ஆயிற்று, பார்க்கவும் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வளைவு என்று ஒன்று கிடையாது, படிக்கட்டுத்தான் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் கண்ணே அதை வளைத்துக்கொள்கிறது. இது எனக்கு யாரும் சொல்லித் தராமல் பிடிபட்டது, குறித்துக்கொள்.

இப்போது ஒரு விஷயம். திட்டாதே. நான் வரைந்ததை நானே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. வேறு கண் வேண்டியிருந்தது. உன் அண்ணன் எதைக் காட்டினாலும், "சூப்பர்" என்கிறான், தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் சூப்பர்தான். அதனால் பட்டியலிலிருந்து ஒரு வாக்கியத்தை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். மாமா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, புதுக் கண்ணால் உரக்கப் படித்தார். "குடைய மடக்கிட்டு ஏறுங்க." அப்புறம், "யாரும்மா எழுதினது? இந்த 'ங' என்ன, நண்டு மாதிரி நிக்குது?" என்றார். நீச்சல் குளத்துக்கு அடியில் பதிக்க ஆர்டர் வந்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். குளத்துக்குள் யார் குடையோடு ஏறுவார்கள் என்று நல்லவேளையாகக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்துபோய் இரண்டு தடவை நின்று பார்த்தார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. 'ங'வை மாற்றிவிட்டேன். முப்பத்தாறு எழுத்து இருக்கிறது. கவரை வழக்கம்போல அவரிடமே கொடுக்கிறேன்.

அண்ணி


மார்ச் 31

அண்ணி,

நான் கேட்டது ஒரே ஒரு விஷயம். ஒன்றே ஒன்று! அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்! அவருக்குத் தெரிந்தால் மறுபடி அந்தப் 'பொட்டுப் பொட்டா' பேச்சுத்தான் வரும். இன்னொரு தடவை அதைக் கேட்டால் இந்த வேலையை என்னால் முடிக்க முடியாது. அவர் சொன்னது தப்பு என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இதைச் செய்கிறேன், தெரியுமா?

சரி. கத்தி முடித்தாயிற்று.

எழுத்து பிரமாதம். சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. மெஷினில் ஏற்றினேன், மூன்று பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து படித்தோம். உங்கள் படிக்கட்டு வளைவு திரையில் நிஜமாகவே வளைகிறது. அதைவிட ஒரு விஷயம். 'ர'வும் துணைக்காலும் இவ்வளவு சின்ன அளவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே, எப்படிப் பிரிப்பது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் 'ர'வுக்குக் கீழே ஒரே ஒரு கட்டத்தை நீல மையில் நிரப்பியிருந்தீர்கள். ஒரே கட்டம்! அத்தோடு தீர்ந்தது. 'ற'விலும் அப்படி ஒன்று, 'ழ'விலும் ஒன்று. மூன்றும் நீலம். பென்சிலில் வரைந்துவிட்டுக் கடைசியாகத் திருத்தியதா? எப்படித் தோன்றியது?

ஃப்ரிட்ஜில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள்.

வாலு


ஏப்ரல் 6

வாலு,

உட்கார்ந்துகொண்டு படி.

நான் நீலப் பேனாவைத் தொடுவதே இல்லை. பென்சில், அதை விட்டால் கல்லில் கோடு போடுகிற சிவப்புச் சாக்பீஸ். உன் அண்ணனைக் கேட்டேன், பேனா எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் நீலப் பேனா ஒன்றே ஒன்றுதான். அது மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது. பஸ் ஓட்டிய காலத்தில் வண்டி கிளம்பிய நேரம் எழுத வைத்திருந்த அதே பேனாதான், இன்னும் ரீஃபில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் அவரிடம் கொடுத்தனுப்பிய கவரை எடுத்துப் பார். ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா? நான் நக்கி ஒட்டுகிறவள், பசை போடுவதில்லை.

பிரித்திருக்கிறார்! என் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 'அவருக்கு ஒன்றும் தெரியாது' என்று நான் எழுதியதை அவர்தான் முதலில் படித்திருக்கிறார். போன வாரம் சம்பந்தமே இல்லாமல் என்னிடம், "நண்டுன்னு நான் குத்தமா சொல்லலம்மா, நல்லா நடக்குற நண்டுன்னுதான் சொன்னேன்" என்றார். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தினமும் மேஜையில் உட்கார்ந்து, "இன்னிக்குக் குளத்துல என்ன எழுத்தும்மா?" என்று பச்சைக் குழந்தை மாதிரி வேறு கேட்டுக்கொண்டிருந்தார்!

அதனால் இந்தக் கவரை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். ஏனென்றால் அடுத்து எழுதப் போவதை அவர் இப்போது படிக்கக் கூடாது.

உன் பட்டியலை முழுதாகப் படித்தேன். 'குடைய மடக்கிட்டு ஏறுங்க.' 'படியில நிக்காதீங்க, வீட்ல தேடுவாங்க.' 'முன்னாடி இடம் இருக்கு, பின்னாடி காத்து இருக்கு.' இதெல்லாம் யார் பேச்சு என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த முதல் மாதம் அந்த அறுபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில்தான் கடைக்குப் போனேன். மாமனார் ஓட்டுகிற பஸ்ஸில் உட்காரலாமா, நின்றுகொண்டே போக வேண்டுமா என்று தெரியாமல் தவித்திருக்கிறேன்.

விளையாட்டு எதைப் பற்றி என்று நீ ஏன் சொல்லவில்லை?

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணி,

கவர்களை எடுத்துப் பார்த்தேன். முதல் கவரிலிருந்தே பசை இருக்கிறது. முதலிலிருந்தே!

கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. அழுகை வந்தது. பாட்டுக்காரர் பயந்துபோய் டீ வாங்கி வந்தார்.

ஆமாம், பஸ் டிரைவர் விளையாட்டுத்தான். கோபத்தில்தான் ஆரம்பித்தேன். முதலில் அந்த டிரைவர் ஒரு சிடுமூஞ்சி, எதிரில் வருவதையெல்லாம் இடிப்பார். பத்து நாள் அப்படியே ஓட்டினேன். அப்புறம் சின்ன வயதில் அவர் பக்கத்து ஒற்றைச் சீட்டில் நான் உட்கார்ந்து போனது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் வண்டி வரும். "முன்னாடி சீட்டு யாருக்கும் இல்ல, ஆள் வருது" என்று எனக்காகப் பிடித்து வைத்திருப்பார். அதற்குமேல் அந்த டிரைவரை இடிக்க விட எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவர் எல்லாரையும் ஏற்றிக்கொள்கிறார். தமிழில் வர வேண்டும் என்று நான் துடிப்பது ஊருக்காக இல்லை. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நான் இத்தனை வருஷமாக என்ன செய்கிறேன் என்று அவர் ஒரு தடவையாவது படித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பஸ் நெற்றியில் போர்டு இருக்கிறதில்லையா, அதில்தான் எங்கே போகிறது என்று வரும். அதைப் படிக்காமல் விளையாட முடியாது. படத்தில் அந்தப் போர்டின் மொத்த உயரமே பத்துக் கட்டம். மேலே ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் சட்டத்துக்குப் போனால் மீதி எட்டு. எழுத்து பத்து! எட்டுக்குள் அடக்கினால் ஒன்றும் புரியவில்லை. போர்டைப் பெரிதாக்கினால் சாலை மறைகிறது. பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

அவரிடம் நேரே கேட்க எனக்கு வாய் வராது, அவருக்கும் பதில் சொல்ல வாய் வராது. ஆனால் உங்கள் கவரைப் பிரிக்கக் கை வருகிறதே! ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதுகிற மாதிரி எழுதி, போர்டு படத்தை உள்ளே வைத்து, அவரிடம் கொடுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

வாலு


ஏப்ரல் 16

அன்பான என் நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ கேட்ட பஸ் போர்டு விஷயமாக நான் இரவு பகலாக யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எனக்குக் கல்லைப் பற்றித்தான் தெரியும், பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்? போர்டின் படத்தைக் கட்டத் தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத வேண்டியது 'கடைசி நிறுத்தம்'. சட்டம் இரண்டு வரிசையைத் தின்றுவிடுகிறது. எழுத்துக்கு இடம் போதவில்லை.

முப்பத்தோரு வருஷம் ஒரே போர்டுக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் கேட்கலாம். அப்படி யாரையும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? முப்பதாம் தேதிக்குள் இது முடியாவிட்டால் விளையாட்டு தமிழில் வராதாமே. பாவம், நீ.

இந்தக் கவரை வழக்கம்போல மாமாவிடம் கொடுக்கிறேன். அவர் மிகவும் நேர்மையானவர்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணி


ஏப்ரல் 23

அண்ணி!

உங்கள் கடிதத்தில் தேதி பதினாறு. தபால் முத்திரையில் இருபது. நான்கு நாள் அந்தக் கவர் எங்கே இருந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

'மிகவும் நேர்மையானவர்' என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அப்புறம் தாளைப் பிரித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் வெள்ளைத் தாளில் எழுத்தைக் கறுப்பாக வரைந்து, சுற்றிச் சட்டம் போட்டிருந்தீர்கள். அப்பா என்ன செய்திருக்கிறார் தெரியுமா? இன்னொரு தாளில் போர்டு முழுவதையும் நீல மையால் நிரப்பி, எழுத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறார். பஸ் போர்டு அப்படித்தானே இருக்கும்! கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. பலகையே கறுப்பாக இருக்கும்போது அதற்குச் சட்டம் எதற்கு? சட்டத்தை எடுத்தால் இரண்டு வரிசை கிடைத்துவிட்டது. பத்துக் கட்ட எழுத்து மேலும் கீழும் முட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. இத்தனை நாளாக மூன்று பேர் உடைத்துக்கொண்டிருந்த மண்டை!

நிரப்பிய கட்டத்தை எண்ணினேன். நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றும் ஓரம் தாண்டாமல் நிரப்பியிருக்கிறார். பாதியில் மை தீர்ந்து, வேறு ரீஃபில் போட்ட இடம்கூடத் தெரிகிறது. பொட்டுப் பொட்டாக, அண்ணி. நானூறு பொட்டு.

ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் எழுத மாட்டார்.

நாளைக்கு அனுப்புகிறேன். வேண்டிக்கொள்ளுங்கள்.

வாலு


மே 5

அண்ணி,

ஒத்துக்கொண்டார்கள். தமிழில் வருகிறது! அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு மற்ற மொழி எழுத்தையும் அப்படியே மாற்றச் சொல்லிவிட்டார்கள். மெஷின் ஒன்றைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன். எழுத்து வரைந்தவர்கள் என்று கடைசியில் இரண்டு பேர் வரும். என்ன போடுவது என்று யோசித்து, 'அண்ணி' என்றும் 'நீலப் பேனாக்காரர்' என்றும் போட்டிருக்கிறேன். பார்சலை அவரே பிரிக்கட்டும். அதில் நல்ல பழக்கம் இருக்கிறது.

வாலு


மே 14

வாலு,

கேள் கதையை. பார்சலைப் பார்த்ததும், "யாருக்கும்மா?" என்றார். "உங்களுக்குத்தான் மாமா. நீச்சல் குளத்துக்காரங்க அனுப்பியிருக்காங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் அதற்குமேல் அந்தக் குளத்தைப் பற்றிப் பேசவில்லை.

முதல் நிமிஷத்திலேயே விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர்! "பிரேக்கே பிடிக்கல, என்ன வண்டி குடுத்திருக்கா இவ?" என்று ஒரே சத்தம். 'இவ' என்றார், கவனித்தாயா? எட்டு மாதத்துக்கும் மேலாக வீட்டில் உன்னைப் பற்றி வந்த முதல் பேச்சு அதுதான். அப்புறம் மூன்று நாளாக மெஷினைக் கீழே வைக்கவில்லை. ஏறுகிறவர்களிடம் பட்டியல் வாக்கியத்தையெல்லாம் அவரே உரக்கச் சொல்கிறார். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பதை நேற்றுத்தான் பார்த்தார். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, கட்டை விரலால் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன், அங்கே நின்றால் நானும் அழுதிருப்பேன்.

இன்று காலை என்னிடம் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தார். "கடைக்குப் போற வழியில போட்டுடும்மா." மேலே சைக்கிள் கடை மாடி முகவரி. நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். அவர் பிரிக்கலாம், நான் பிரிக்கக் கூடாதா? உள்ளே கடிதம் எதுவும் இல்லை. கட்டத் தாள் மட்டும்தான், நீல மையில் இன்னொரு போர்டு. விளையாட்டில் இதையும் சேர்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது. அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். பத்துக் கட்ட உயரம், வெள்ளை எழுத்து. '62' என்று நம்பர். பக்கத்தில் 'வீடு'.

அண்ணி


மே 19

அண்ணி,

இந்தக் கவரைக் கடைக்கு அனுப்பவில்லை, வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள். பிரேக்கைச் சரி செய்துவிட்டேன். புது போர்டையும் சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். முன்னாடி சீட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம், ஆள் வருது.

கவரை ஒட்டவில்லை. அவருக்குப் பசை மிச்சம்.

வாலு